பூண்டைச் சுட்டு முந்திரியோடு அரைத்தால் கிரீம் ஆகுமா?

பாலும் வேண்டாம், கிரீமும் வேண்டாம்; பூண்டை முழுதாகச் சுட்டு, ஊறிய முந்திரியோடு மிக்ஸியில் நைஸாக அரைத்தால் வெண்ணெய்ப் பதத்தில் ஒரு சாஸ் கிடைத்துவிடும் என்கிறார்கள். பாஸ்தாவில் புரட்டலாம், பீட்ஸாவில் தடவலாம், சுட்ட காய்களுக்குத் தொட்டுக்கொள்ளலாம். கிரீமின் ருசி அப்படியே இருக்கும், உடம்புக்கு லேசு, பத்து நிமிட வேலை, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். இந்தச் சாஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெருமைகள் இவை. ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது உண்மையிலேயே நல்ல சாஸ். நல்ல பொருளுக்கு இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொன்னால், அதை நம்பிச் செய்து ஏமாந்தவர் இருக்கிற பெருமையையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்.

கொட்டைப் பருப்பையும் பூண்டையும் சேர்த்து அரைப்பது மத்தியதரைக் கடலோரத்தில் பழைய வழக்கம். இன்றைய முந்திரிச் சாஸை எடைபோட வேண்டுமானால், அந்த மூத்த சாஸ்களின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் நம் சாஸுக்கு மிக நெருங்கியது ஸ்பெயினின் கத்தலோனியாவில், தாரகோனா பகுதி மீனவர்களின் சமையலிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ரொமெஸ்கோ. முழுப் பூண்டையும் தக்காளியையும் சுடுகிறார்கள். பாதாமையும் ஹேசல்நட்டையும் வறுக்கிறார்கள். நியோரா என்னும் உருண்டையான, காரம் குறைந்த வற்றல் மிளகாயை ஊறவைத்து அதன் சதையை வழித்தெடுக்கிறார்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டு, வினிகர், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு எல்லாவற்றையும் சேர்த்து இடிக்கிறார்கள். பக்கத்திலுள்ள வால்ஸ் என்னும் ஊரில் ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு விழா நடக்கிறது. கல்சோட் என்னும் தாள் வெங்காயத்தைத் தீயில் கருகச் சுட்டு, கருகிய மேல்தோலை உருவிவிட்டு, ரொமெஸ்கோவின் உறவான சல்விச்சாடா சாஸில் தோய்த்து, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்குகிறார்கள்.

துருக்கியின் தாராத்தோர் வால்நட், ஊறிய ரொட்டி, பூண்டு, எலுமிச்சை அல்லது வினிகர் சேர்ந்தது. மலகாவின் அஹோபிளாங்கோ பாதாமும் பூண்டும் ரொட்டியும் வினிகரும் அரைத்துக் கரைத்த குளிர்ந்த சூப், திராட்சையோடு பரிமாறுவார்கள். கிரேக்கர்கள் மார்ச் 25 அன்று பொரித்த உப்புக் கருவாட்டு மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் ஸ்கொர்தாலியாவில் உருளைக்கிழங்கோ ரொட்டியோ இருக்கும். சில ஊர்களில் வால்நட்டோ பாதாமோ சேரும். இவற்றில் பெரும்பாலும் மாறாமல் இருப்பவை இரண்டு: பச்சைப் பூண்டின் காரம், வெளிப்படையான புளிப்பு. சுட்ட பூண்டைச் சேர்க்கும் ரொமெஸ்கோவில்கூடப் பலர் ஒரு பல்லைப் பச்சையாகப் போடுகிறார்கள். இன்றைய முந்திரிச் சாஸ் இந்த இரண்டையும்தான் விட்டுவிட்டது. கிரீம்போல் சாதுவாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பச்சைப் பூண்டை நீக்கினார்கள், எலுமிச்சையைப் பேருக்கு நாலு சொட்டாகக் குறைத்தார்கள். இந்தச் சாஸின் எல்லாக் குறைகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அது ஏன் குறை என்பது பூண்டுக்குள் நடப்பதைப் பார்த்தால் தெரியும். முழுப் பல்லுக்கு மணம் மிகக் குறைவு. அல்லீன் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் அதனுள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுக்கினால் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. மூக்கைத் துளைக்கும் காரம் அதுதான். செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும் 1944-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். பூண்டை நசுக்காமல் முழுதாகச் சுட்டால், அல்லீனைச் சந்திக்கும் முன்பே சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. அதனால் சுட்ட பூண்டில் காரம் பிறப்பதே இல்லை. பூண்டின் சேமிப்பு மாவுப்பொருளான ஃபிரக்டானில் ஒரு பகுதி நீண்ட நேரச் சூட்டில் உடைந்து பழச்சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரை புரதத்தின் கூறுகளோடு சேர்ந்து சிவக்கிறது. கடைசியில் கையில் கிடைப்பது இனிப்பும் வறுத்த மணமும் கொண்ட ஒரு விழுது.

இந்த விழுதோடு முந்திரி சேர்கிறது. முந்திரியும் இனிப்பு, அதிலும் காரமில்லை, கசப்பில்லை. இரண்டு சாதுக்களை ஒரே ஜாரில் போட்டு அரைத்தால் நாக்குக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? முதல் கரண்டி அருமையாக இருக்கும். மூன்றாவது கரண்டியில் சலிப்பு தட்டும். உப்பைக் கூட்டிப் பார்ப்பார்கள், உப்புத்தான் கூடும். நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்னும் மஞ்சள் தூளை வாங்கிப் போடச் சொல்லும் குறிப்புகள் இதற்காக வந்தவைதான். அதில் உள்ள குளுட்டமேட் சாஸுக்குச் சீஸ் போன்ற ஒரு ஆழத்தைத் தருவது உண்மை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் மலிவில்லை. அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியில் தாராளமாக இருக்கிறது. ரொமெஸ்கோவில் சுட்ட தக்காளி செய்யும் வேலையே அது. சாஸ் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதவர்களுக்கு ஒரு சுட்ட தக்காளி போதும்.

ஆகவே சுட்ட பூண்டுதான் பச்சைப் பூண்டைவிட மேல் என்ற கூற்று பாதிதான் சரி. உடலையும் இனிப்பையும் சுட்ட பூண்டு தரட்டும். காரத்தை ஒரே ஒரு பச்சைப் பல் தரட்டும். பச்சைப் பல்லை அப்படியே மிக்ஸியில் போட்டால் சாஸ் முழுவதும் நெடியடிக்கும் என்று அஞ்சுபவர்களுக்கு வழி இருக்கிறது. பல்லை எலுமிச்சைச் சாற்றிலேயே துருவிவிட்டு, சிட்டிகை உப்போடு பத்து நிமிடம் வைக்க வேண்டும். புளிப்பு அந்த நொதியை அடக்கிவிடுவதால் காரம் அளவோடு நின்றுவிடும், பூண்டின் புதுமணம் மட்டும் தங்கும். ஃபிலடெல்ஃபியாவின் ஸஹாவ் உணவகத்தை நடத்தும் மைக்கேல் சாலமனோவ் தன் எள் சாஸுக்குப் பூண்டை எலுமிச்சைச் சாற்றோடு அரைத்துச் சிறிது நேரம் வைத்து வடிகட்டுவது இதே காரணத்தால்தான். புளிப்பு பட்ட பூண்டு சில வேளை பச்சையாகவோ நீலமாகவோ நிறம் மாறும். பயப்பட வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அமினோ அமிலங்களும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, கெடுதல் இல்லை.

பூண்டைச் சுடுவதில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறுகிறது. ஓவன் உள்ளவர்கள் பூண்டின் தலையைச் சீவி, எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி 190 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் வைக்கிறார்கள். அது குற்றமில்லாத முறை. ஓவன் இல்லாதவர்கள் கேஸ் தீயில் நேராகக் காட்டிச் சுட்டால் மேலே கருகும், நடுவில் பச்சை வாசம் போகாது. அந்தக் கருகல் சாஸ் முழுவதையும் கசக்க வைத்துவிடும். அடிகனமான இரும்புக் கடாயில், தோலோடு உதிர்த்த பற்களைப் பரப்பி, மூடி போட்டு, சிறு தீயில், அவ்வப்போது புரட்டிவிட்டு வதக்குவது நல்லது. அழுத்தினால் விரல் உள்ளே இறங்க வேண்டும். 20 நிமிடத்துக்குக் குறைந்து அந்தப் பக்குவம் வராது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு சுட்டுக் கொடுத்த வீடுகளில் இந்தப் பொறுமை புதிதல்ல. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மணம் தூக்கலாக இருக்கும். ஆனால் சிறிய பற்கள் சீக்கிரம் வறண்டுவிடும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூண்டானாலும் பத்து நிமிடத்தில் சாஸ் என்பது நடக்காத காரியம். சுடுவது, ஆறவிடுவது, பிதுக்குவது, அரைப்பது என்று முக்கால் மணி நேரமாவது ஆகும். கை ஓயாமல் செய்ய வேண்டிய வேலை இதில் கொஞ்சம்தான் என்பது வேறு விஷயம்.

கொட்டை எது என்ற கேள்விக்கு, எது கையில் இருக்கிறதோ அது என்று பதில் சொல்லும் குறிப்புகள் பெருந்தவறு செய்கின்றன. முந்திரியை வேறாக்குவது அதிலுள்ள மாவுச்சத்து. நூறு கிராம் முந்திரியில் ஏறக்குறைய 44 கிராம் கொழுப்பும் 18 கிராம் புரதமும் இருக்கின்றன. அதோடு இருபது கிராமுக்கும் மேல் மாவுச்சத்தும் உண்டு. பாதாமில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதன் இடத்தை நார்ச்சத்து பிடித்திருக்கிறது. முந்திரி விழுதைச் சூடாக்கினால் மாவு வெந்து குழம்பு கெட்டியாகும். வெள்ளைக் குருமாவுக்கு முந்திரி அரைத்து ஊற்றியதும் அடுப்பைக் குறைத்துக் கைவிடாமல் கிளறுவதன் காரணம் இதுதான். பாதாம் விழுது அப்படி இறுகாது. கொதிக்கவிட்டால் எண்ணெய் தனியே, திப்பி தனியே நிற்கும். வால்நட்டின் தோலில் துவர்ப்பு இருக்கிறது. தாராத்தோருக்கு அது அழகு, கிரீம் போன்ற சாஸுக்கு இடைஞ்சல். வேர்க்கடலையின் மணம் பூண்டை அமுக்கி மேலே ஏறிவிடும். கிரீமுக்கு இணையான வழவழப்பு என்ற கூற்று முந்திரிக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் தீர்மானம்.

ஆனால் வழவழப்பு வேறு, ருசி வேறு. வறுத்த பாதாமிலும் ஹேசல்நட்டிலும் உள்ள கொட்டை மணம் ஊறிய முந்திரியில் இல்லை. ஊறவைப்பதாலேயே அது பால்போல் ஆகிவிடுகிறது. முந்திரியையும் வறுக்கலாமே என்றால், வறுத்து ஊறவைத்தாலும் நீரில் மணம் தங்குவதில்லை. வறுத்து ஊறவைக்காமல் அரைத்தால் மணல்போல் நாக்கில் உறுத்தும். எனவே பத்தில் ஏழு பங்கு முந்திரியை வெந்நீரில் அரைமணி ஊறவைத்தும், மூன்று பங்கு பாதாமைத் தோல் நீக்கிப் பொன்னிறமாக வறுத்தும் சேர்ப்பதுதான் சரியான நடுவழி. ஒன்று பதம் தருகிறது, மற்றது மணம் தருகிறது. முழு முந்திரி தேவையே இல்லை. உடைத்த முந்திரி விலை குறைவு, அரைபடுவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. வாங்கியதும் ஒன்றை மென்று பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எவ்வளவு பூண்டு போட்டாலும் அது மறையாது.

உரலா மிக்ஸியா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. இடித்த ரொமெஸ்கோவின் கரகரப்பு அந்தச் சாஸின் குணம். அங்கே உரல்தான் சரி. கிரீம் பதம் வேண்டும் என்ற நம் வழக்கில் மிக்ஸிக்குத்தான் தீர்ப்பு. நாக்கு ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை உறுத்தலாக உணரத் தொடங்கும். அந்த நுண்மை கைக்கு எட்டுவது கடினம். இதில் நம் வீடுகளில் சமைப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. முதலில் நீரைக் குறைத்துக் கெட்டியாக அரைத்து, ஜாரை வழித்துவிட்டு, அப்புறம் நீர் விட்டுத் தளர்த்த வேண்டும் என்பது சட்னி அரைக்கும் எல்லோருக்கும் தெரியும். எல்லா நீரையும் ஒரேயடியாக ஊற்றச் சொல்லும் குறிப்புகளால்தான் சாஸில் பருக்கை நிற்கிறது. சுட்ட பூண்டு ஆறிய பிறகே ஜாரை மூடுங்கள். ஆவி கட்டினால் மூடி தூக்கும். ஆலிவ் எண்ணெய் சேர்ப்பதானால் அதைக் கடைசியில் கரண்டியால் கலப்பது என் பழக்கம். வேகமாக அரைபட்டால் நல்ல ஆலிவ் எண்ணெயில் கசப்பு மேலே வருவதைச் சமையல்காரர்கள் பலரும் சொல்கிறார்கள்.

இப்போது உடம்புக்கு லேசு என்ற கூற்று. நூறு கிராம் முந்திரி பாதாம் கலவை, இரண்டு பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 200 மில்லி நீர். இதில் ஏறக்குறைய 400 கிராம் சாஸ் வரும். மொத்தம் 900 கலோரி. நூறு கிராமுக்கு 220-க்குச் சற்று மேல். அரை லிட்டர் பால், 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா போட்டுக் கிண்டும் சாதாரண வைட் சாஸ் நூறு கிராமுக்கு 135 அளவில் நிற்கும். வெறும் கெட்டிக் கிரீமோ 340. ஆக, கிரீமோடு ஒப்பிட்டால் முந்திரிச் சாஸ் லேசுதான். ஆனால் நம் வீடுகளில் பாஸ்தாவுக்குக் கிண்டுவது பெரும்பாலும் வைட் சாஸ். அதோடு ஒப்பிட்டால் இது கனம். கொழுப்பின் தன்மையில் முந்திரி ஜெயிக்கிறது. அதன் 44 கிராம் கொழுப்பில் நிறைவுற்ற கொழுப்பு எட்டு கிராம் அளவுதான். வெண்ணெயில் பாதிக்கும் மேல் நிறைவுற்றது. சுண்ணாம்புச் சத்தில் தோற்கிறது. அரை லிட்டர் பாலில் 600 மில்லிகிராம் கால்சியம் இருக்கும், நூறு கிராம் முந்திரியில் நாற்பதுகூடத் தேறாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பால் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் இந்தச் சாஸ் பெரிய உதவி. வளரும் பிள்ளைகளுக்குப் பாலுக்குப் பதிலாக இது ஆகாது. விருந்தில் வைப்பதானால் இதில் முந்திரியும் பாதாமும் இருப்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பார்ப்பதற்குப் பால் சாஸ் போலவே இருப்பதால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர் ஏமாற வாய்ப்பு அதிகம்.

ஒரு வாரம் தாங்கும் என்ற கூற்றை மட்டும் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியாது. பூண்டு மண்ணில் விளைவது. போட்டுலிசம் என்னும் நரம்பு நச்சு நோயை உண்டாக்கும் குளோஸ்டிரிடியம் போட்டுலினம் கிருமியின் வித்துக்கள் மண்ணில் இருக்கின்றன, பூண்டோடும் வருகின்றன. வீட்டில் சுடும்போது ஈரம் உள்ள பூண்டின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்த வித்துக்களைக் கொல்ல 121 டிகிரி அழுத்த நீராவி வேண்டும். காற்றுப் புகாத, புளிப்புக் குறைந்த, குளிர் போதாத இடம் கிடைத்தால் வித்துக்கள் முளைத்து நஞ்சு உண்டாக்கும். நஞ்சு கலந்த சாஸ் மணத்திலும் ருசியிலும் காட்டிக்கொடுக்காது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்டுவைத்த நறுக்கிய பூண்டால் 36 பேர் போட்டுலிசத்துக்கு ஆளானார்கள். 1989-இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் மேலும் மூவர். அதன் பிறகுதான் கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விதித்தது. எலுமிச்சை பிழிந்திருக்கிறோமே என்பது போதாது. இந்தக் கிருமியைத் தடுக்க அமிலக் காரக் குறியீடு 4.6-க்கும் கீழே இருக்க வேண்டும். நாக்கால் அதை அளக்க முடியாது. சுட்ட பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து சமையல் மேடையில் அழகுக்கு வைப்பது இன்னும் மோசம். சாஸை அன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மீதியை உறையவைக்கலாம். உருகும்போது நீர் பிரியும். மறுபடி மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் கூடிவிடும்.

இத்தனையும் கூட்டிக் கழித்த பிறகு நான் நிற்கும் அளவு இது: உடைத்த முந்திரி 70 கிராம், வறுத்த பாதாம் 30 கிராம், முழுதாகச் சுட்ட பூண்டு இரண்டு, எலுமிச்சைச் சாற்றில் துருவிய பச்சைப் பல் ஒன்று, சாறு ஒரு மேசைக்கரண்டி நிறைய, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, நீர் 200 மில்லி. சுட்ட தக்காளி உங்கள் விருப்பம், நான் போடுவேன்.

எதற்குத் தொட்டுக்கொள்வது என்பதிலும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். சுட்ட உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கத்தரிக்காய், வறுத்த மீன், தீயில் வாட்டிய வெங்காயத்தாள் ஆகியவற்றுக்கு இதற்கு நிகர் குறைவு. கருகலும் உப்பும் உள்ள பண்டத்தின் மேல்தான் இதன் இனிப்புக்கு மரியாதை. பாஸ்தாவுக்கு இது இரண்டாம் தேர்வு. சூட்டில் இறுகிக்கொண்டே போகும், தட்டில் வைத்த ஐந்து நிமிடத்தில் களியாகும். பாஸ்தா வெந்த நீரை ஒரு கரண்டி மிச்சம் வைத்துத் தளர்த்தினால் சமாளிக்கலாம். தோசைக்கு வேண்டாம். பூண்டு மிளகாய்ச் சட்னி இருக்கும் வீட்டில் தோசைக்கு இது ஒன்றும் கூட்டாது.

பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு அவசரமாகப் பாஸ்தா கிண்ட வேண்டுமானால் பாலும் மைதாவும் எடுங்கள், அதில் குறைவில்லை. பால் சேர்க்காத ஒருவர் விருந்துக்கு வரும் நாளில், அல்லது வீட்டில் காய்களை நிதானமாகச் சுடும் நாளில், முக்கால் மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். எலுமிச்சையையும் அந்த ஒரு பச்சைப் பல்லையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.